கொள்ளைநோய்க் காலத்துப் பண்டத் தட்டுப்பாடும் விலையேற்றமும்

நாட்டிற்கு இலக்கணம் கூறப் புகுந்த திருவள்ளுவர் பசி, பிணி, பகை ஆகிய மூன்றையும் ஒரே குறளில் வைத்து எண்ணினார். இவை தனித்தனியே வருவன அல்ல. ஒன்று புகுந்த இடத்து மற்றையது பின்தொடரும் என்பதை வரலாறு பன்முறை காட்டியுள்ளது. பிணி பரவினால் தொழில் நிற்கும். தொழில் நின்றால் வருவாய் அறும். போக்குவரத்துத் தடைப்பட்டால் பண்டங்களின் விலை ஏறும். விலை ஏறினால் வருவாயற்ற வீட்டிற் பசி குடிகொள்ளும். 2020ஆம் ஆண்டு தொடக்கம் உலகைப் பற்றிய கொரோனாக் கொள்ளைநோய் இத்தொடர்பை இலங்கை மக்கள் அனைவருக்கும் கண்கூடாக்கியது.

அக்காலத்தில் மக்கள் வாயில் அதிகம் வழங்கிய சொல் 'தட்டுப்பாடு' என்பது. பருப்புக்குத் தட்டுப்பாடு, மஞ்சளுக்குத் தட்டுப்பாடு, பால்மாவுக்குத் தட்டுப்பாடு, உரத்துக்குத் தட்டுப்பாடு, எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு எனக் குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சொல் ஒன்றாயினும் அது குறித்த நோய் ஒன்றன்று. அச்சத்தால் வந்த தட்டுப்பாடு வேறு. வழி அடைபட்டதால் வந்தது வேறு. சட்டத்தால் விளைந்தது வேறு. விளைச்சல் குன்றியதால் வந்தது வேறு. நாட்டின் கையிற் பணமின்மையால் வந்தது வேறு. நோய் நாடி அதன் முதல் நாடாது எல்லாவற்றிற்கும் ஒரே மருந்து கொடுத்தால் நோய் தணியாது, சிலபோது முற்றும். இவ்வேறுபாடுகளைத் திருக்கோணமலை மாவட்டத்துத் தோப்பூர்ப் பகுதியை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோப்பூரும் அதன் சந்தையும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் தெற்கே பரந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை கடலொடு கலக்கும் அக்குடாவின் தென்கரையில் மூதூரும், அதற்குத் தெற்கே மட்டக்களப்பு வீதியையொட்டித் தோப்பூரும் அமைந்துள்ளன. தோப்பூரில் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினர்; சூழவுள்ள ஊர்களிலே தமிழ் மக்களும் சிங்கள மக்களும் வாழ்கின்றனர். அல்லைக் குளத்து நீர்ப்பாய்ச்சலால் இப்பகுதி வயல்கள் பெரும்போகம், சிறுபோகம் என்னும் இருபோகமும் விளையும் இயல்பின. உழவு, கால்நடை, மீன்பிடி, கூலித்தொழில், சிறுவணிகம், மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பும் பணம் ஆகியவையே இம்மக்களின் வாழ்வுக்கு ஆதாரம்.

நெல்லும் மீனும் பாலும் அருகே கிடைக்கும் ஊரிலே உணவுத் தட்டுப்பாடு எவ்வாறு நேரும் என்ற வினா எழுதல் இயல்பே. விடை அவ்வூர்க் கடைத் தட்டுகளில் உள்ளது. மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருவது. சீனியிற் பெரும்பகுதி இறக்குமதி. பால்மா நியூசிலாந்து முதலிய நாடுகளுக்குரியது. கோதுமை இலங்கையில் விளைவதே இல்லை. இவற்றுட் பெரும்பாலானவை கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, புறக்கோட்டை மொத்த வணிகரின் கை கடந்து, பாரவூர்திகளில் திருக்கோணமலைக்கோ மூதூருக்கோ வந்து, அதன்பின்னரே தோப்பூர்ச் சில்லறைக் கடையை அடைகின்றன. ஒவ்வொரு கையிலும் கூலியும் இலாபமும் சேர்கின்றன. சங்கிலியின் கடைசிக் கண்ணியாக நிற்கும் ஊரிலே பண்டம் இறுதியாக வந்து சேரும். குறையும்போதோ முதலிற் குறையும்.

இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. கோதுமையை அரைத்து மாவாக்கும் பெரிய ஆலை திருக்கோணமலைத் துறைமுகத்திலேயே சீனக்குடாவில் இருக்கின்றது. பிரித்தானியர் கட்டிய பெரும் எண்ணெய்க் குதங்களும் அவ்விடத்திலேயே உள்ளன. ஆயினும் குடாவின் மறுகரையில் வாழும் மக்கள் மாவுக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கும் விலை அக்கரையில் நிச்சயிக்கப்படுவதன்று. உலகச் சந்தை விலை, ரூபாவின் நாணயமாற்றுப் பெறுமதி, அரசின் தீர்வை ஆகிய மூன்றுமே அதனை நிச்சயிக்கின்றன. பண்டம் அருகே இருத்தல் வேறு. அது கைக்கெட்டும் விலையில் இருத்தல் வேறு.

அச்சம் விளைவித்த தட்டுப்பாடு

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தின் நடுப்பகுதியில் இலங்கையர் ஒருவருக்கு உள்நாட்டில் நோய் தொற்றியமை உறுதியாயிற்று. அம்மாதம் 20ஆந் தேதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதற்கு முன்னைய சில நாள்களில் எல்லா ஊர்க் கடைகளிலும் மக்கள் திரண்டனர். ஒரு கிலோ வாங்குபவர் ஐந்து கிலோ வாங்கினார். அவர் வாங்குவதைக் கண்டவர் பத்துக் கிலோ வாங்க முற்பட்டார்.

இந்நிலையிலே நாட்டிலுள்ள பண்டத்தின் மொத்த அளவு ஒரு மணியேனும் குறையவில்லை என்பதைக் கருதுக. கடையில் இருந்தது வீட்டிற்குச் சென்றது, அவ்வளவே. ஆனால் ஒரு மாதத்திற் படிப்படியாக எழவேண்டிய கேள்வி மூன்று நாளில் ஒருங்கே எழுந்தது. நிரம்பலோ அவ்வளவு விரைவில் பெருக இயலாதது. ஆகவே வெறுந்தட்டுகள் தோன்றின. வெறுந்தட்டைக் கண்டவரின் அச்சம் மேலும் பெருகியது. செல்வம் மிக்க மேலைநாடுகளிற் கழிப்பறைக் கடதாசிக்கு மக்கள் முட்டி மோதிய செய்தி அக்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. மனித இயல்பு எங்கும் ஒன்றே.

இவ்வகைத் தட்டுப்பாட்டின் கொடுமை அது யாரைத் தாக்குகிறது என்பதிலேயே உள்ளது. மாதச் சம்பளம் பெறுவோர் முன்கூட்டி வாங்க வல்லவர். அன்றாடம் கூலி பெற்று, அந்தி வேளையில் அரைக்கிலோ அரிசியும் நூறு கிராம் பருப்பும் வாங்கிச் செல்பவர் எதனைக் கொண்டு சேமிப்பார்? ஊரடங்கு சில மணி நேரம் தளர்த்தப்பட்டபோது அவர் கடைக்குச் சென்றார். பண்டம் இருந்தால் விலை உயர்ந்திருந்தது. விலை உயராதவிடத்துப் பண்டம் தீர்ந்திருந்தது. இத்தகைய தட்டுப்பாட்டிற்கு மருந்து மூன்று: கையிருப்பு இவ்வளவு என மக்களுக்கு உண்மையை அறிவித்தல், ஆளுக்கு இவ்வளவு எனப் பங்கிடுதல், பாரவூர்திகளுக்கு வழிவிடுதல். ஊரடங்கின் பின்னர் அனுமதி பெற்ற வாகனங்கள் வீட்டுவாசல்களுக்கே பொருள்களைக் கொண்டு செல்ல ஏற்பாடு செய்யப்பட்டதும், வரும் வாகனத்தைக் கண்டு மக்கள் மனம் ஆறினர். அச்சம் ஓரளவு தணிந்தது.

பருப்பும் கட்டுப்பாட்டு விலையும்

விலையேற்றத்தைத் தடுக்க அரசு உடனடியாகக் கையாண்ட கருவி உச்ச விலை நிர்ணயம் ஆகும். 2020 மார்ச்சு 17ஆந் தேதி ஒரு கிலோ பருப்பின் விலை 65 ரூபா எனவும், தகரத்தில் அடைத்த மீனின் விலை 100 ரூபா எனவும் அறிவிக்கப்பட்டது. ஏழைகளின் கறிச்சட்டியை நினைந்து எடுக்கப்பட்ட முடிவு அது என்பதில் ஐயமில்லை. மரக்கறி வாங்க இயலாத வீட்டிற்கும் பருப்புக் கறியே துணை.

ஆனால் விளைவு வேறாயிற்று. மொத்த வணிகரின் கிட்டங்கியில் இருந்த பருப்பு அவ்விலையிலும் மிகுந்த விலைக்கு வாங்கப்பட்டது. ரூபாவின் பெறுமதியும் அந்நாள்களிற் சரிந்துகொண்டிருந்தது. வாங்கிய விலையிலும் குறைந்த விலைக்கு விற்கும் வணிகர் உலகில் இல்லை. ஆதலின் பருப்புக் கடைத் தட்டிலிருந்து மறைந்தது. சில இடங்களிற் பின்வாசல் வழியே கூடிய விலைக்கு விலைபோயிற்று. அரசின் சதொச நிலையங்கள் குறித்த விலைக்கு விற்றனவாயினும், அத்தகைய நிலையங்கள் நகர்களிலேயே மிகுதி. நகருக்குச் செல்ல ஊரடங்கு இடங்கொடாதபோது கிராமத்தவர்க்கு அதனால் யாது பயன்? ஏப்பிரில் மாத முடிவில் இக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

கட்டுப்பாட்டு விலை என்பது முற்றிலும் தவறான கருவி என இதனாற் கொள்ளலாகாது. அரசின் கையிலே பண்டம் இருந்து, பங்கீட்டு முறையும் இருந்து, விற்பனை நிலையம் ஊர்தோறும் இருக்குமாயின் கட்டுப்பாட்டு விலை மக்களைக் காக்கும். அவை இல்லாதவிடத்து வர்த்தமானித் தாளிலே அச்சிட்ட விலை தாளிலேயே நின்றுவிடும்.

இதன் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின் மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. வரி ஏறத்தாழ முழுதும் நீங்கியும், அக்குறைவு நுகர்வோர் கொடுத்த விலையில் அதே அளவிற் காணப்படவில்லை. இது பாராளுமன்றத்திலும் பெரும் வாதத்துக்கு உள்ளாயிற்று. வரி குறைந்தால் விலை தானே குறையும் என்பதும், ஆணை பிறந்தால் விலை தானே இறங்கும் என்பதும் ஒரேவகைப் பிழையான நம்பிக்கைகள். இடையில் நிற்கும் கைகள் சிலவே ஆகி, அவற்றிடையே போட்டி குன்றும்போது, பயன் அக்கைகளிலேயே தங்கிவிடுகின்றது.

மஞ்சள் பொன்னான கதை

கொள்ளைநோய்க் காலத்து விலையேற்றத்தை விளங்கிக்கொள்ள மஞ்சளைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இந்து இல்லங்களில் மஞ்சள் கறிக்குரிய பண்டம் மட்டுமன்று. மங்கலப் பொருளும், மருந்தும், கிருமிநாசினியுமாம். நோய் பரவிய நாள்களில் வாசலிலும் வீதியிலும் மஞ்சள் நீர் தெளிக்கும் வழக்கம் பெருகியது. இஞ்சி, கொத்தமல்லி, மஞ்சள் சேர்த்துக் காய்ச்சிய குடிநீர் வீடுதோறும் அருந்தப்பட்டது. கேள்வி பன்மடங்காயிற்று.

நிரம்பலோ அதற்கு முன்னரே சுருங்கியிருந்தது. இலங்கையின் மஞ்சள் தேவையிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே வந்து கொண்டிருந்தது. உள்நாட்டு உழவரை ஊக்குவிக்கும் நோக்குடன் 2019ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஒருபுறம் கேள்வி பெருக, மறுபுறம் நிரம்பல் அருகியது. 2020 ஏப்பிரிலில் ஒரு கிலோ 750 ரூபா என உச்ச விலை விதிக்கப்பட்டபோதிலும், அவ்வாண்டிலேயே சந்தை விலை பல ஆயிரம் ரூபாவைத் தொட்டது. மன்னார், புத்தளம் கரைகளிற் கடல்வழியாகக் கொண்டுவரப்பட்ட மஞ்சள் மூட்டைகளைக் கடற்படையினர் அடிக்கடி கைப்பற்றினர். தங்கம் கடத்திய கடலில் மஞ்சளும் கடத்தப்பட்டது. அரிசிமாவும் சாயமும் கலந்த போலிமஞ்சள் கடைகளில் தலைகாட்டியது.

விலை உயர்ந்தால் உழவர் மிகுதியாகப் பயிரிடுவர். நிரம்பல் பெருகி விலை தணியும் என்பது பொருளியல் நூலார் கூற்று. அது மெய்யே. ஆனால் அதற்குக் காலம் வேண்டும். நட்ட மஞ்சட்கிழங்கு முற்றி அறுவடைக்கு வர எட்டு ஒன்பது மாதம் செல்லும். விளைந்ததில் ஒரு பகுதியை மறுபோக விதைக்கு ஒதுக்கவும் வேண்டும். கதவை அடைத்தபின் கிணறு தோண்டுதல் போல்வது அது. உள்நாட்டுப் பயிர் வளர்ந்த அளவுக்கேற்ப இறக்குமதியைப் படிப்படியாகக் குறைத்திருந்தால் உழவரும் வாழ்ந்திருப்பர், நுகர்வோரும் இடர்ப்பட்டிரார்.

மலிவும் ஒரு துன்பமே

தட்டுப்பாடு பற்றிப் பேசுமிடத்து அதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றையும் கூறாதிருத்தல் இயலாது. 2020 ஒக்டோபரில் நோயின் இரண்டாம் அலை எழுந்தபோது, கொழும்பை அடுத்த பேலியகொடை மத்திய மீன் சந்தையில் நோய் பரவிச் சந்தை மூடப்பட்டது. கிழக்குக் கரையில் பிடிபடும் மீனிற் பெரும்பகுதி அச்சந்தையை நோக்கியே செல்வது. சந்தை மூடியதும் மீன் கரையிலே தேங்கியது. அதனோடு, மீனால் நோய் தொற்றும் என்ற வதந்தியும் பரவியது. அவ்வச்சத்தை நீக்கக் கருதி முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் நவம்பரில் பத்திரிகையாளர் முன்னிலையிற் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார்.

கடலில் மீனுக்குக் குறைவில்லை. வீட்டில் மீனுக்கு விருப்பமும் குறையவில்லை. இடைவழி ஒன்று அடைபட்டதனால் கரையிலே விலை வீழ்ந்தது. தொலைவிலே பண்டம் அருகியது. மீனவர் குடும்பத்துக்கோ மீனின் மலிவு அரிசியின் அருமையாக மாறியது. ஒருவர் விற்கும் பண்டம் மலிந்து, அவர் வாங்கும் பண்டம் ஏறுமாயின் அவர் இருமுறை வறியவராகின்றார். விலை உயர்வை மட்டும் நோக்குவோர் இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றனர்.

நெல் விளையும் ஊரில் அரிசி விலை

இனி அரிசிக்கு வருதல் தகும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கிழக்கிலங்கையிற் பெரும்போக அறுவடை முடிந்திருந்தது. ஆயினும் அறுவடைக்களத்து நெல் நெடுநாள் உழவரிடம் தங்குவதில்லை. விதை, உரம், இயந்திரக் கூலி ஆகியவற்றுக்குப் பட்ட கடனை அடைக்க ஈர நெல்லையே களத்தில் விற்பவர் பலர். அந்நெல் பொலனறுவை முதலிய இடங்களிலுள்ள பெரிய ஆலைகளுக்குச் சென்று, அரிசியாகிச் சில மாதங்களின் பின் கூடிய விலையில் அதே ஊர்க் கடைக்குத் திரும்புகின்றது. தான் விளைத்த நெல்லைத் தானே அரிசியாக விலைகொடுத்து வாங்கும் உழவர் இருமுனையிலும் இழப்பவர். முன்னாளில் வீட்டிற்கு வீடு குதிரில் நெல் இருந்தது. அடுத்த அறுவடை வரை குடும்பம் அஞ்சாதிருந்தது. இன்று குதிர் ஆலைக்காரரின் முற்றத்திற்கு இடம் மாறிவிட்டது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆந் தேதி அத்தியாவசிய உணவு வழங்கல் தொடர்பாக அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு கிலோ நாட்டரிசிக்கு 98 ரூபா உச்ச விலையாக விதிக்கப்பட்டது. பருப்பின் கதையே மீண்டும் நடந்தது. அம்மாத இறுதியிற் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் ஆலை உரிமையாளர் தாமே விலை கூறினர். அரிசி விலை ஏறியது.

அதனினும் பெரிய இடர் வயலிலேயே உருவாகியிருந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையினால் தடுக்கப்பட்டது. இயற்கை உரம் மண்ணுக்கு நன்மை தருவதென்பதை எவரும் மறுக்கார். ஆனால் உயர்விளைச்சல் தரும் நெல்லினங்கள் யூரியாவைக் கணக்கிட்டே உருவாக்கப்பட்டவை. போதிய அளவு சேதனப் பசளை ஆயத்தமாகும் முன்னரே யூரியா நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதிலும் பருவம் பொறுத்திருக்கவில்லை. 2021-22 பெரும்போக விளைச்சல் முன்னைய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. அரிசியில் தன்னிறைவை ஏறத்தாழ எய்தியிருந்த நாடு மீண்டும் பெருந்தொகை அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அல்லைக் குளத்தில் நீர் இருந்தது. வயலில் உழவர் இருந்தனர். பயிருக்கு உணவு இல்லை.

நாட்டின் பணப்பை வெறுமையானபோது

மேற்கூறிய யாவற்றிற்கும் அடியில் மற்றொரு குறை வளர்ந்துகொண்டிருந்தது. இலங்கைக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் வழிகளிற் சுற்றுலா ஒன்று. வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பும் பணம் மற்றொன்று. 2018இல் 23 இலட்சத்தை எட்டியிருந்த சுற்றுலாப் பயணியர் தொகை 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2020இல் 710 கோடி டொலராக இருந்த தொழிலாளர் பணம் 2021இல் 550 கோடி டொலராகக் குறைந்தது. 2019 இறுதியில் 760 கோடி டொலராக இருந்த நாட்டின் கையிருப்பு 2021 இறுதியில் ஏறத்தாழ 310 கோடி டொலராகச் சுருங்கியது. கடன் தவணைகளோ நிற்கவில்லை.

அதேவேளை உலகச் சந்தையும் கொதித்தது. கப்பற் கூலி பன்மடங்காயிற்று. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் உணவு விலைச் சுட்டெண் 2021இல் முன்னைய ஆண்டினும் நூற்றுக்கு 28 வீதம் உயர்ந்தது. 2022 பெப்ருவரியில் உக்ரேன் போர் மூண்டதும் கோதுமையும் எண்ணெயும் மேலும் ஏறின. விலை கூடிய பண்டத்தை வாங்க வேண்டிய காலத்திலேயே வாங்கும் பணம் குறைந்தது.

2021 ஒக்டோபரிற் பால்மா, கோதுமைமா, சீனி, எரிவாயு ஆகியவற்றின் கட்டுப்பாட்டு விலைகள் நீக்கப்பட்டன. 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலன் ஒரே நாளில் 2,750 ரூபாவாயிற்று. 2022 ஏப்பிரிலில் 4,860 ரூபாவாயிற்று. 2022 மார்ச்சில் ரூபாவின் நாணயமாற்று வீதம் தளர்த்தப்பட, டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது இரண்டே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. ஏப்பிரில் 12ஆந் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. சிறு வள்ளங்களில் இயந்திரம் பூட்டிக் கடலுக்குச் செல்லும் மீனவருக்கு அது கடலையே அடைத்ததை ஒத்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 வீதமாயிற்று. ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா வேண்டியதாயிற்று என்பதே இதன் பொருள்.

இந்நிலைக்கு வணிகரின் பேராசை மட்டும் காரணமன்று. கடைக்காரரைத் தண்டித்தாற் டொலர் வந்துவிடாது. நோய் உடலை விட்டு நீங்கத் தொடங்கிய காலத்திலேதான் பிணியின் பின்வந்த பசி முழுவடிவு கொண்டது.

முன்னைய அனுபவங்கள்

இத்தகைய இடர் இம்மண்ணுக்குப் புதியதன்று. 1918இல் இன்புளுவென்சாக் கொள்ளைநோய் உலகைச் சூறையாடியபோது, இந்தியாவிற் பருவமழையும் பொய்த்தது. முதலாம் உலகப் போரினால் ஏற்கெனவே விலைகள் ஏறியிருந்தன. அவ்வாண்டு செப்டெம்பரிற் சென்னை மாகாணத்தின் பலவிடங்களில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கை, அவ்வரிசி இந்தியாவின் தேவைக்குத் திருப்பப்பட்டதும் 1919ஆம் ஆண்டிற் கடுந் தட்டுப்பாட்டிற்கு உள்ளாயிற்று. நூறாண்டு கழித்து, 2020 மார்ச்சில் வியட்நாம் அரிசி ஏற்றுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியபோது அப்பழைய பாடமே திரும்பி வந்தது: இடர் வந்தவிடத்து ஒவ்வொரு நாடும் தன் வாயிலையே முதலில் அடைக்கும்.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரவு நின்றது. அதே ஆண்டு ஏப்பிரில் 9ஆந் தேதி திருக்கோணமலைத் துறைமுகத்தின்மீது யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அரசு அரிசிப் பங்கீட்டை ஏற்படுத்தியது. உள்நாட்டு நெல்லைக் கொள்வனவு செய்தது. பங்கீட்டைக் கொண்டு செல்லக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஊர்தோறும் ஆயிரக்கணக்கில் எழுந்தன. கூப்பனும் சங்கக்கடையும் தமிழர் வழக்கிற் கலந்தது அக்காலத்திலேயே. அன்று விலைக் கட்டுப்பாடு ஓரளவு பயன்பட்டமைக்குக் காரணம், விலையோடு பண்டமும் அதனைக் கொண்டு செல்லும் வழியும் ஒருங்கே ஆயத்தமாக இருந்தமையாம்.

மூதூர்ப் பகுதி மக்களுக்கு அண்மைக்காலத்து நினைவு வேறொன்றும் உண்டு. 2006இல் மாவிலாற்று நீர் தடைப்பட்டதும், அதனைத் தொடர்ந்த போரினால் மக்கள் ஊர்விட்டு ஊர் சென்றதும் மறக்கற்பாலன அல்ல. 2009இற் கிண்ணியாப் பாலமும் பின்னர் ஏனைய பாலங்களும் திறக்கப்படும்வரை ஓடமும் படகுமே நகரோடு அவர்களை இணைத்தன. வழி அடைபடுதல் என்பது என்ன என்பதை அவர்கள் நூலிற் படித்து அறிந்தவர்களல்லர்.

யாருக்கு உரித்து?

வங்காளத்தில் 1943இல் நேர்ந்த பெரும் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், நாட்டில் உணவு இருந்தும் மக்கள் மாளக்கூடும் என்பதைத் தமது 1981ஆம் ஆண்டு நூலில் நிறுவ முயன்றார். உணவின் மொத்த அளவைவிட, அதனைப் பெறும் உரித்து யாரிடம் உண்டு என்பதே முதன்மையான வினா என்பது அவர் கருத்து. கூலி ஏறாது அரிசி விலை மட்டும் ஏறினால் கூலியாள் தன் உரித்தை இழக்கின்றான்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் நிவாரணத்தின் இயல்பும் விளங்கும். 2020 ஏப்பிரிலில் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டது. அது அன்று பெருந்துணை. ஆயினும் பணமாகக் கொடுக்கும் உதவி விலையேற்றத்தின்முன் உருகும் தன்மையது. 2022இன் விலையில் அத்தொகை ஓர் எரிவாயுக் கொள்கலனுக்கு மட்டுமே போதியதாக இருந்திருக்கும். ஆகவே விலைச் சுட்டெண்ணோடு சேர்ந்து உயரும் உதவியோ, பண்டமாகவே வழங்கும் பங்கீடோ கொள்ளைநோய்க் காலத்துக்கு ஏற்றது. பண்டத்தின் விலையை ஆணையால் அமுக்குவதினும், அதனை வாங்க மாட்டாதவரின் கையை வலுப்படுத்துதல் நன்று.

வணிகரின் கடமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகுதியாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும் நடுவுநிலைமை காத்ததைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. உள்நாட்டுப் பண்டத்துக்கு நூற்றுக்கு ஐந்தும் பிறநாட்டுப் பண்டத்துக்குப் பத்தும் இலாபம் எனக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் வரம்பு கட்டியது. பதுக்கி வைத்து இடர்க்காலத்தில் விற்பவன் பெறும் இலாபம் ஒருமுறைக்குரியது. கடன்கொப்பியைத் திறந்து அயலவருக்குப் பண்டம் கொடுக்கும் ஊர்க் கடைக்காரர் பெறுவதோ தலைமுறைக்குரிய நம்பிக்கை. கடன்கொப்பி இல்லாதிருந்தால் எத்தனையோ கிராமத்து அடுப்புகள் எரிந்திரா. ஆயினும் அக்கடைக்காரருக்கும் மொத்த வணிகர் கடன் கொடுத்தாலன்றி அறம் நெடுநாள் நில்லாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில உண்மைகள் புலனாகும். அச்சத்தாலாய தட்டுப்பாட்டிற்கு உண்மையான செய்தியும் பங்கீடும் மருந்து. வழி அடைபட்டதற்கு வழி திறத்தலே மருந்து. சட்டத்தால் வந்ததற்குச் சட்டத்தைத் திருத்துதலும், மாற்றத்தைப் படிப்படியாகச் செய்தலும் மருந்து. விளைச்சற் குறைவுக்கு உழவருக்கு உரியவற்றை உரிய பருவத்திற் கொடுத்தல் மருந்து. அந்நியச் செலாவணிக் குறைக்கு நல்ல நாள்களிலேயே சிக்கனமும் ஏற்றுமதியும் மருந்து. இவை யாவற்றுக்கும் பொதுவாகக் கட்டுப்பாட்டு விலை ஒன்றையே நாடியமையால் இழந்தது காலம், இழந்தவர் வறியவர்.

ஊர்களும் தம்மளவிற் செய்யத்தக்கன உள. விளைந்த நெல்லில் ஒரு பங்கையேனும் கூட்டுறவுக் களஞ்சியத்தில் ஊருக்கென இருத்துதல், சிறு ஆலைகளை ஊரிலேயே இயங்கச் செய்தல், வளவிலே மரவள்ளியும் பயற்றையும் முருங்கையும் மஞ்சளும் நடுதல், மீனைக் கருவாடாக்கிக் காக்கும் பழந்தொழிலைப் பேணுதல் ஆகியன பெரும்பொருட் செலவின்றி இயல்வன. தோப்பூர் போன்ற ஊரிலே முஸ்லிம் உழவரின் நெல்லும், தமிழ் மீனவரின் கருவாடும், சிங்கள அயலவரின் மரக்கறியும் ஒரே சந்தைக்கு வருவன. கொழும்பிலிருந்து வரும் பாரவூர்தி நின்றுபோன நாளில் ஊரைத் தாங்குவது அச்சந்தையே.

கல்லூரி மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. ஊர்ச் சந்தையின் அரிசி, பருப்பு, தேங்காய், மீன் விலைகளை வாரந்தோறும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் கடினமான பணியன்று. 2020க்கும் 2022க்கும் இடையில் ஒவ்வோர் ஊரிலும் விலை எவ்வாறு ஏறியது என்பதைக் கூற, தலைநகரின் சுட்டெண்ணே இன்று பெரும்பாலும் துணை. தோப்பூர்க் கடையின் விலை கொழும்புச் சுட்டெண்ணுள் அடங்குவதன்று. அடுத்த கொள்ளைநோய் வரும் காலத்தை எவரும் அறியார். அது வரும்போது ஊரின் கையில் ஒரு பிடி நெல்லோடு ஒரு விலைக் கொப்பியும் இருக்குமாயின், அச்சத்தின் இடத்தில் அறிவு நின்று வழிகாட்டும்.